வெள்ளிக்கிழமை டிக்கெட்டும் ஒரு வினைச்சொல்லும்

கல்யாணத்துக்கு முன்பு, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று வருங்கால மாமனார் கேட்டார்.

"கம்பெனிகளுக்கு யோசனை சொல்றது மாமா. மேனேஜ்மென்ட் ஆலோசகர்னு பேரு."

"அவங்களுக்கு யோசனை கிடையாதா?"

"இருக்கு. அதை அவங்ககிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, அழகா ஸ்லைடு போட்டு அவங்களுக்கே திருப்பிச் சொல்லுவோம்."

"அதுக்குக் காசு தர்றாங்களா?"

"விமான டிக்கெட்டும் தர்றாங்க."

மாமனார் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பெண்ணைக் கொடுத்தார். டிக்கெட்டுக்காகக் கொடுத்தாரா, பாவம் பார்த்துக் கொடுத்தாரா என்பது அந்தக் குடும்பத்தில் இன்றுவரை தெளிவாகவில்லை.

அந்த மாப்பிள்ளைக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது. வேலை அதேதான். திங்கட்கிழமை காலையில் விமானம் ஏறி, வேறு ஊரில் இருக்கும் கிளையண்ட் கம்பெனிக்குப் போவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்புவார். நடுவில் வரும் இரவுகள் ஓட்டலில். டிக்கெட், ஓட்டல், டாக்சி, சாப்பாடு, சட்டை தேய்க்கும் கூலி எல்லாம் கிளையண்ட் தலையில். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'பிளாட்டினம்'. குணத்தைப் பார்த்து வைத்த பெயர் என்று மனைவி ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். விமானக் கம்பெனி கொடுத்த அட்டையைப் பார்த்து வைத்த பெயர் அது. பிளாட்டினம் ஆவதற்கு முன்பு அவர் தங்கமாக இருந்தார். மீசை வைத்த ஆண்கள் போனில் ஒருவரை ஒருவர் "எங்க இருக்க தங்கம்?" என்று விசாரித்துக்கொண்ட காலத்தில் மனைவிக்கு ஏற்பட்ட குழப்பம் தனிக் கதை.

பிளாட்டினம் அட்டைக்குச் சலுகைகள் நிறைய. வரிசையில் முன்னால் போகலாம். பெட்டி முதலில் வந்து விழும். ஆலோசகர் பெட்டியைப் போடவே மாட்டார், கையோடுதான் கொண்டுபோவார். இருந்தாலும் போட்டிருந்தால் முதலில் வந்திருக்கும் என்பதில் ஒரு மன நிறைவு. விமானம் ஏறுமுன் லவுஞ்சில் சும்மா சாப்பிடலாம். ஏறியபின் சீட்டில் சாப்பிடலாம். இறங்கி ஓட்டலுக்குப் போனால் பழத்தட்டு காத்திருக்கும். இத்தனைக்கும் மேல் கம்பெனி சாப்பாட்டுக்கென்று தினப்படி கொடுக்கும். பசி என்று ஒன்று எப்போது வரும் என்பதுதான் அவருக்கு மறந்துபோயிருந்தது.

எல்லாவற்றையும் விட முக்கியம் பாயிண்ட். பறந்தால் பாயிண்ட், படுத்தால் பாயிண்ட், கார்டைத் தேய்த்தால் பாயிண்ட். நேரே போகிற விமானம் இருக்கும்போது, சுற்றிக்கொண்டு போகிற விமானத்தில் ஏறுவார், அதில் பாயிண்ட் அதிகம். வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் மனைவியைக் காட்டுவார். பாயிண்ட் எவ்வளவு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். அதெல்லாம் ஒரு பெரிய டூருக்காகச் சேர்த்தது. மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது போட்ட திட்டம். மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. பாயிண்ட் கொட்டிக் கிடந்தது. கூட்டிக்கொண்டு போகத்தான் ஆள் ஊரில் இல்லை.

வீட்டில் அவரைப் பற்றிப் பெரிய புகார் எதுவும் கிடையாது. குடி கிடையாது, கோபம் கிடையாது. மரியாதைதான் கொஞ்சம் அதிகம். மனைவியை 'நீ' என்று சொல்லிக்கொண்டிருந்தவர், சமீப காலமாக வெள்ளிக்கிழமைகளில் 'நீங்க' என்று ஆரம்பித்துவிடுகிறார்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமாங்க?"

"என்னது?"

"ஒண்ணும் அவசரமில்ல. முடிஞ்சா கொண்டுவாங்க. தேங்க்ஸ்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் அது 'நீ'யாகிவிடும். அதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும்.

மனைவிக்குச் சொந்தமாக மருந்துக்கடை. தெருமுனையில் இரண்டு ஷட்டர் கடை. யாருக்கு எந்த மாத்திரை, எந்த வேளை என்பதில் அரை அட்டை பிசகாத ஆள். வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை வருகிறார், திங்கட்கிழமை போகிறார் என்பதும் அவருக்கு அப்படி ஒரு வேளைக் கணக்குதான். ஆள் வருவது கம்பெனி கொடுக்கும் வெள்ளிக்கிழமை டிக்கெட்டில். வேலை பார்க்கும் ஊரிலிருந்து வீட்டுக்கு வாரம் ஒரு முறை போய்வரக் கம்பெனி கொடுக்கும் டிக்கெட் அது. சம்பளத்தில் வாங்கிக் கட்டுப்படியாகாது. அந்தக் குடும்பம் அந்த டிக்கெட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஓட்டலில் முட்டைக்கு முன்னால் உட்கார்ந்து மெயிலைத் திறந்தார் ஆலோசகர். 'வாழ்த்துகள்! உங்கள் வீடு மாற்றப்பட்டுள்ளது' என்று இருந்தது. ஏதோ பரிசுத் திட்டம் என்று நினைத்துச் சந்தோஷத்தோடு படித்தார். இரண்டாவது முறை சந்தோஷமில்லாமல் படித்தார். பிறகு, கம்பெனியில் டிக்கெட்டும் ஓட்டலும் போட்டுத்தரும் டிராவல் டெஸ்கைக் கூப்பிட்டார்.

டிராவல் டெஸ்க் மேடத்தை அவர் பார்த்ததில்லை. குரல் மட்டும் பல வருடப் பழக்கம். ஜன்னலோர சீட்டா, நடைபாதை சீட்டா என்று வாழ்க்கையில் அவரிடம் அதிகம் கேட்டது அந்தக் குரல்தான்.

"மேடம், என் வீடு மாறிடுச்சுன்னு மெயில் வந்திருக்கு."

"ஆமா சார். வாழ்த்துகள் சார்."

"நான் மாத்தலையே?"

"நீங்க மாத்த வேண்டாம் சார், அதுவா மாறிக்கும். பாதிக்கு மேல எங்க தூங்கறீங்களோ அதான் உங்க வீடு."

"மேடம், நான் தூங்கறது ஓட்டல்ல."

"அதான் சார். சொந்த வீட்ல தூங்கறதுக்கு யாராவது பில் போடுவாங்களா? அதனால இந்த வாரத்துலேருந்து ஓட்டல் பில்லு வராது. நீங்களே பார்த்துக்கணும்."

"சரி, வெள்ளிக்கிழமை டிக்கெட்?"

"எங்க போறதுக்கு சார்?"

"வீட்டுக்கு!"

"நீங்க வீட்லதான சார் இருக்கீங்க?"

ஆலோசகர் சுற்றிலும் பார்த்தார். எதிர் மேசையில் ஒருவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவரும் இங்கேதான் குடியிருக்கிறாரோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது.

"மேடம், என் பெண்டாட்டி பிள்ளை அங்க இருக்காங்க."

"தாராளமா போய்ப் பார்க்கலாம் சார், யாரு வேண்டாம்னா? சொந்தச் செலவுல. எங்க பக்கம் அது சுற்றுலான்னு வரும்."

"இந்த ரூலை எவன் மேடம் போட்டான்?"

"நீங்கதான் சார். பிஸ்கட் கம்பெனிக்கு ஒரு ஸ்லைடு போட்டீங்களே."

போட்டிருந்தார். பிஸ்கட் கம்பெனியின் விற்பனை ஆட்கள் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு, வீட்டுக்குப் போகிறேன் என்று பில் வைக்கிறார்கள், செலவைக் குறைக்க வழி சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். ஆலோசகர் ஒரே வரியில் சொன்னார்: 'ஒருவர் எங்கே அதிகம் தூங்குகிறாரோ அதுவே அவர் வீடு.' பக்கத்தில் ஒரு குட்டி வீட்டுப் படம், படத்துக்குள் ஒரு நிலா. பிஸ்கட் கம்பெனி முதலாளி கைதட்டிவிட்டு அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆனால் ஆலோசகரின் கம்பெனி பார்ட்னர் அதைப் பார்த்துச் சொக்கிப்போய், தம் கம்பெனியிலேயே அமல்படுத்திவிட்டார். கேட்டவன் பூட்டிவைத்து, சொன்னவன் கடைப்பிடித்தது ஆலோசனைத் தொழிலில் இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"விதிவிலக்கு ஏதாவது?" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. விதிவிலக்கே வைக்கக் கூடாது என்பது அவருடைய அடுத்த ஸ்லைடு.

"ஒண்ணு இருக்கு சார். குடும்பத்தோட இருக்கார்னு வீட்ல இருக்கறவங்க வாயால சொல்லிட்டா, பழைய வீட்டையே போட்டுடலாம். அதுக்குத்தான் போன வாரம் உங்க வீட்டு மேடத்துக்குப் போன் பண்ணினோம்."

"அப்பாடா. சொன்னாளா?"

"'வாரக் கடைசியில வந்து தங்குவார்'னு சொன்னாங்க சார்."

ஆலோசகர் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

நியாயமாகப் பார்த்தால் ஒரே ஒரு வினைச்சொல். ஆனால் அது செய்த வேலை கொஞ்சமல்ல. ஓட்டலில் தங்கலாம், நண்பன் அறையில் தங்கலாம், பள்ளத்தில் தண்ணீர் தங்கும், சிலர் கையில் காசு தங்காது. தன் வீட்டில் எவனும் தங்குவதில்லை. தன் வீட்டில் இருப்பான். ஒருவன் வீட்டில் தங்குகிறான் என்றால், அது அவன் வீடு இல்லை என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். டிராவல் டெஸ்க் மேடமும் ஒன்றாம் வகுப்பு படித்தவர்தான்.

உடனே மருந்துக்கடைக்குப் போன் போட்டார்.

"என் ஆபீஸ்லேருந்து ஒரு அம்மா பேசினாங்களா?"

"ஆமா, போன வாரம். நல்ல மாதிரியாப் பேசினாங்க. கால் வலிக்கு என்ன தடவறதுன்னு கேட்டாங்க, சொன்னேன்."

"என்னைப் பத்தி என்ன சொன்ன?"

"வந்து தங்குவார்னு சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்ன?"

"வராம எப்படித் தங்கறது?"

"ஐயோ, வர்றதைக் கேட்கல. தங்குவார்னு ஏன் சொன்ன? இருக்கார்னு சொல்லியிருக்கணும்."

"அன்னைக்குப் புதன்கிழமை. நீங்க இல்ல. இல்லாத ஆளை இருக்கார்னு எப்படிங்க சொல்றது?"

"அந்த இருக்கார் இல்ல. வேற இருக்கார்."

"வேற யாரு இருக்கார்?"

"குடியிருக்கார்ங்கற அர்த்தத்துல!"

"குடியிருக்கறது நானும் பொண்ணும்... சாப்பாட்டுக்கு அப்புறம், ரெண்டு வேளை. மறக்காமப் போடுங்க."

"எனக்கா?"

"கடைக்கு வந்தவருக்கு."

மூச்சு விட்டுக்கொண்டு, முழுக் கதையையும் சொன்னார். வெள்ளிக்கிழமை டிக்கெட் போய்விட்டது, திரும்ப வரவேண்டுமானால், தான் சொல்லி அந்த அம்மா மறுபடி கூப்பிடும்போது மனைவி 'இருக்கார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேறு எதுவும் சொல்ல வேண்டாம். மறுமுனையில் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப இந்த வெள்ளிக்கிழமை வரமாட்டீங்களா?"

"டிக்கெட் இல்லையே."

"டிக்கெட் குடுத்தாத்தான் வருவீங்களா?"

இந்தக் கேள்வி அவருக்குப் புதிது. அவர் கேள்வி கேட்டுப் பிழைப்பவர். பதில் சொல்லிப் பழக்கமில்லை. "அப்படி இல்ல..." என்று ஆரம்பித்தார்.

"சரி, அந்த அம்மா கூப்பிட்டா யோசிச்சுச் சொல்றேன்" என்றார் மனைவி.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"நிறைய இருக்குங்க. இங்க ரெண்டு பேரு நிக்கறாங்க, வெச்சுடவா?"

புதன், வியாழன் இரண்டு நாளும், இப்போதும் கிளையண்டாக இருக்கும் அந்தப் பிஸ்கட் கம்பெனியில் உட்கார்ந்திருந்தார். என்ன பேசினார்கள் என்று காதில் விழவில்லை. யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் விமானக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து, பாயிண்டைக் கொடுத்து டிக்கெட் வாங்கினார். வெள்ளிக்கிழமை சாயங்கால விமானத்துக்குத்தான் இருப்பதிலேயே விலை அதிகம். காரணம், நாட்டில் உள்ள ஆலோசகர்கள் எல்லாம் வீட்டுக்குப் போவது அப்போதுதான். டூருக்குச் சேர்த்ததில் பெரிய துண்டு ஒன்று கழன்று விழுந்தது. பாயிண்டில் வாங்கிய சீட்டு என்பதால் கடைசி வரிசை, நடு இருக்கை, கழிப்பறைக்கு முதுகு காட்டியபடி. பணிப்பெண் அட்டையைப் பார்த்துவிட்டு, "சார், நீங்க முன்னாடி வரிசை இல்லையா?" என்று கேட்டார். "இன்னைக்கு நான் சொந்த வேலையாப் போறேன்" என்றார் ஆலோசகர். சொன்னபிறகு அந்த வாக்கியம் அவருக்கே விநோதமாக இருந்தது.

வீட்டு வாசலில் நின்று மணியடித்தார். மகள் கதவைத் திறந்தாள்.

"ஓ! டிக்கெட் இல்லன்னு அம்மா சொன்னாங்க?"

"பாயிண்ட்ல வந்தேன்."

"டூர் பாயிண்ட்லயா?"

"ம்."

"அப்ப டூரு?"

"இதான் டூருன்னு வெச்சுக்கோயேன்."

மகள் ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தாள். காயப்போட்ட துணி, கவிழ்ந்து கிடந்த பள்ளிக்கூடப் பை, பாதி விரிந்த குடை. "இடம் பரவால்ல. ஆனா போட்டோல வேற மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போனாள்.

மனைவி சமையலறையிலிருந்து கை துடைத்துக்கொண்டே வந்தார். "சொந்தச் செலவுலயா வந்தீங்க?"

"ஆமா."

"நம்ம வீட்டுக்கா?"

"ஆமா."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. தட்டை வைத்தார். எப்போதும் வைப்பதை விடக் கொஞ்சம் அதிகமாகப் பரிமாறியதுபோல ஆலோசகருக்குத் தோன்றியது. அது அன்பா, அல்லது மீந்துபோய்விடும் என்ற கவலையா என்று கேட்கலாமா வேண்டாமா என யோசிப்பதற்குள் சாப்பிட்டு முடித்துவிட்டார். அதிசயம், பசித்திருந்தது.

சனிக்கிழமை காலை மனைவி கடைக்குக் கிளம்பிப் போனபின், தான் இந்த வீட்டில் இருக்கிறவன்தான் என்று தனக்கே காட்டிக்கொள்ள ஆலோசகர் சில காரியங்களில் இறங்கினார். மின்விசிறியைப் போடப் போய் வாசல் விளக்கைப் போட்டார். அதை அணைக்கப் போய்ப் பால்கனி விளக்கு எரிந்தது. சர்க்கரை டப்பா என்று திறந்ததில் துவைக்கும் பவுடர் இருந்தது.

"அப்பா, ரிசப்ஷனுக்குப் போன் பண்ணுங்க, ஆள் அனுப்புவாங்க" என்று உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள்.

"நக்கலா?"

"இல்லப்பா, உதவி. ஒன்பதாம் நம்பர்னு நினைக்கறேன்."

மத்தியானம் நெருங்கும்போது வீட்டுப் போன் அடித்தது. வீட்டுப் போன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து எடுப்பதற்குள் பலமுறை அடித்துவிட்டது.

"வணக்கம், டிராவல் டெஸ்க்லேருந்து பேசறோம். வீட்ல யாராவது இருக்காங்களா?"

"மேடம், நான்தான். நான் இருக்கேன்."

"ஓ, சார்! நீங்க இல்ல சார். வீட்ல இருக்கறவங்க யாராவது பேசணும்."

"நான் வீட்லதான் இருக்கேன். வீட்லேருந்துதான் பேசறேன்."

"அதை நீங்க சொல்லக் கூடாது சார். வீட்ல இருக்கறவங்கதான் சொல்லணும்."

"நான் வீட்ல இருக்கறவன் இல்லையா?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான சார் போன் பண்ணியிருக்கேன்."

ஆலோசகருக்குத் தலை சுற்றியது. இத்தனைக்கும் மேடம் சொன்னதில் தவறு எதுவும் அவருக்குப் படவில்லை. அவரே ஸ்லைடு போட்டிருந்தாலும் இதையேதான் போட்டிருப்பார். நல்லவேளை, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையை அடைத்துவிட்டு மனைவி உள்ளே வந்தார். ஆலோசகர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, மீன் மாதிரி வாயை அசைத்து 'இருக்-கார், இருக்-கார்' என்று சத்தமில்லாமல் சொல்லிக்காட்டினார்.

மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். "சொல்லுங்கம்மா. கால் எப்படி இருக்கு?"

"தேவலை மேடம், நீங்க சொன்னதைத்தான் தடவறேன். மேடம், ஒரே ஒரு கேள்வி. சார் எங்க இருக்கார்?"

"இதோ, என் முன்னாடி நிக்கறார். வாயை வாயை அசைக்கறார்."

"அது இப்ப மேடம். பொதுவா எங்க இருக்கார்?"

"பொதுவாவா?" மனைவி ஆலோசகரை ஏற இறங்கப் பார்த்தார். மருந்துச் சீட்டில் கிறுக்கலாக எழுதியிருக்கும் பெயரைப் படிக்கும்போது பார்க்கிற பார்வை. "வாரத்துல அஞ்சு நாள் அங்க தங்கறார். சனி ஞாயிறு இங்க தங்கறார். அதுலயும் ஆபீஸ் போன் வந்தா பால்கனில இருக்கார்."

ஆலோசகர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"அப்ப, தங்கறார்னே போட்டுடவா மேடம்?"

"இருங்கம்மா, அவசரப்படாதீங்க. நேத்து அவர் சொந்தச் செலவுல வந்தார். கடைசி வரிசையில உட்கார்ந்து. ஓட்டலுக்குப் போறதுக்கு யாராவது அப்படிச் செய்வாங்களா?"

"செய்ய மாட்டாங்க மேடம்."

"அதுக்கு உங்ககிட்ட என்ன பேரு?"

தட்டச்சுச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. "அதுக்கு ஒண்ணும் இல்ல மேடம். தங்கறாரா, இருக்காரா? ரெண்டுல ஒண்ணுதான் சொல்லணும்."

"தங்கறதுக்கு மேல. இருக்கறதுக்குக் கீழ."

"அப்படி ஒரு இடம் இதுல இல்லையே மேடம்."

"எங்க வீட்ல இருக்கே!" என்றார் மனைவி.

கடைசியில் மேடம், "சரி மேடம், நான் அந்த இடத்தைக் காலியா விட்டுடறேன், அதுவா என்ன செய்யுதுன்னு பார்ப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"ஒரே வார்த்தை. சொல்லியிருக்கலாம்ல?" என்றார் ஆலோசகர்.

"சொல்லணும்னுதான் உட்கார்ந்தேன். வாயில வரல."

"கோபமா?"

"தெரியலங்க. நீ வந்தது சந்தோஷமாத்தான் இருந்துச்சு."

மனைவிக்குக் கோபம் வந்தால் 'நீங்க' போய் 'நீ' வந்துவிடும். இப்போது ஒரே மூச்சில் இரண்டும் வந்ததால் எதை எடுத்துக்கொள்வதென்று தெரியாமல், ஆலோசகர் இரண்டையும் எடுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மெயில் வந்தது. 'உங்கள் வீடு: கண்டறிய இயலவில்லை.'

கீழே படித்துக்கொண்டு போனார். போகப் போகப் புருவம் ஏறியது. வீடு கண்டறியப்படாத ஊழியர் எங்கே இருந்தாலும் அது வெளியூர்ப் பயணமாகவே கருதப்படும். ஆகவே ஓட்டல் பில் உண்டு. தினப்படி உண்டு. வெள்ளிக்கிழமை டிக்கெட், அவர் எந்த ஊருக்குக் கேட்டாலும் உண்டு. அறம், பொருள், இன்பம் எல்லாம் கடந்தபின் வீட்டை அடையலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வீட்டை விட்டால் பொருளும் இன்பமும் தானாக வரும் என்று கண்டுபிடித்தது அந்தக் கம்பெனியாகத்தான் இருக்கும்.

"டிக்கெட் வந்துடுச்சு!" என்று கத்தினார். மனைவியும் மகளும் ஓடிவந்தார்கள்.

"அப்ப இருக்கீங்கன்னு ஒத்துக்கிட்டாங்களா?" என்றார் மனைவி.

"இல்ல. எங்கயுமே இல்லன்னு ஒத்துக்கிட்டாங்க."

அடியில் இன்னொன்று இருந்தது. ஓட்டலில் தங்காமல் தெரிந்தவர் வீட்டில் தங்கும் ஊழியருக்கு, தங்கவைத்தவருக்கு ஏதாவது வாங்கிக்கொடுக்கவென்று ஒரு விருந்தோம்பல் படி உண்டாம். வெள்ளி, சனி இரண்டு இரவுக்கும் கிளெய்ம் படிவம் தானாகவே திறந்து காத்திருந்தது. தங்கவைத்தவர் யார்? நண்பர், உறவினர், மற்றவர் என்று மூன்றுதான் கொடுத்திருந்தார்கள். மனைவி என்று இல்லை. மனைவி இருப்பவருக்கு வீடு இருக்கும், வீடு இருப்பவருக்கு இந்தப் படி கிடையாது என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

"எவ்வளவு வரும்?" என்றார் மனைவி.

சொன்னார். மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "இத்தனை வருஷமா சும்மாவா தங்கவெச்சிருந்தேன்!"

"இதை வாங்கறது தப்பில்லையா?"

"தப்பா, ரைட்டான்னு எனக்கும் தெரியல. அந்தக் குளியலறைக் குழாய் ஒழுகிட்டே இருக்கு. வர்றவங்க குளிக்கற இடம் நல்லா இருக்க வேண்டாமா?"

இது சம்மதமா, சவுக்கடியா என்று புரியாமல் ஆலோசகர் திரையைப் பார்த்தார். "உறவினர்னு போடவா?"

"எந்த வழி உறவுன்னு கேட்பாங்க."

"மற்றவர்னு போடுங்கப்பா" என்றாள் மகள்.

"வாயை மூடுடி. நண்பர்னு போடுங்க" என்றார் மனைவி.

"நாம நண்பர்களா?"

"போட்டுப் பாருங்க. அவங்க ஒத்துக்கறாங்களான்னு தெரிஞ்சுடும்."

போட்டார். அழுத்தினார். ஏற்கப்பட்டது என்று உடனே பச்சை எழுத்தில் வந்தது. கணவன் மனைவி இருவரும் கொஞ்ச நேரம் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காசு வருகிறது, டிக்கெட் வருகிறது, எதுவும் கைவிட்டுப் போகவில்லை. ஆனாலும் எதையோ விற்றுவிட்டு வந்ததுபோல இருந்தது ஆலோசகருக்கு. என்ன விற்றோம் என்று மட்டும் பிடிபடவில்லை. மனைவி ஏதோ சொல்ல வந்து, குழாய்க்காரரின் நம்பரைத் தேடப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை. மகள் ஒற்றை ஷூவைத் தேடிக்கொண்டிருந்தாள். மனைவி சமையலறையில் டிபன் பாக்ஸின் மூடியோடு போராடிக்கொண்டிருந்தார். ஆலோசகர் பெட்டியோடு வாசலில் நின்றார். திங்கட்கிழமைகளில் அவர் சொல்லிக்கொண்டு கிளம்புகிற ஆள் இல்லை. கீழே டாக்சி வந்துவிடும், கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார். இன்றைக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டுப் போகிறவன் சொல்ல வேண்டியதா, வீட்டுக்காரன் சொல்ல வேண்டியதா என்று தெரியவில்லை. தேங்க்ஸ் என்பது நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளையாகப் போன் அடித்தது. டாக்சி டிரைவர்.

"சார், கேட்டுக்கு வெளிய நிக்கறேன். வர்றீங்களா?"

"வர்றேன்" என்றார் ஆலோசகர் சத்தமாக.

"சரிங்க, வாங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "வாங்கப்பா" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து இன்னொரு குரல் வந்தது.

உங்களைச் சொல்லவில்லை, டிரைவருக்குச் சொன்னேன் என்று திருத்த வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. சமையலறையில் டிபன் பாக்ஸ் மூடி ஒருவழியாகப் பொருந்திய சத்தம் கேட்டது.

"சார்? லைன்ல இருக்கீங்களா? வர்றீங்கதானே?"

"வர்றேன், வர்றேன்" என்றார்.

எது யாருக்கு என்று டிரைவரும் கேட்கவில்லை, மனைவியும் கேட்கவில்லை. ஆலோசகர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.